புவியியலில் பிஎச்.டி.: கைடைத் தேர்ந்தெடுக்கும் முன்

எம்.ஏ. முடித்து கைடு தேடியபோது, துறையின் பேராசிரியர் பட்டியலை அப்படியே நம்பினேன். எனக்கு ராமநாதபுரம் பக்கம். எங்கள் கண்மாய்களைப் பற்றித்தான் ஆய்வு என்பதில் உறுதியாக இருந்தேன். பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரே 'நீர்வளம்' என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால், அவர் அதை விட்டு நகர நிலப் பயன்பாட்டுக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. அந்த அலைச்சலில் எனக்கு ஒரு வருடம் போயிற்று. உங்களுக்கு அப்படிப் போக வேண்டாம்.

பட்டியலைப் படிக்கும்போது கருவி எது, பொருள் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 'ரிமோட் சென்சிங், ஜி.ஐ.எஸ்.' (செயற்கைக்கோள் படங்களை ஆராய்வது, கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாள்வது) என்பது ஏறக்குறைய எல்லோர் பெயரிலும் இருக்கும். அது கருவி. அதை வைத்து அவர் பார்ப்பது கடற்கரை அரிப்பையா, நகரத்து வெப்பத்தையா, டெங்கு பரவும் விதத்தையா? உங்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

அதைத் தெரிந்துகொள்ள ஷோத்கங்கா இணையதளத்துக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். கைடின் (நெறியாளர்) பெயரைப் போட்டுத் தேடி, கடைசி ஐந்து வருடத்தில் அவரிடம் முடித்தவர்களின் தலைப்புகளைப் பாருங்கள். தலைப்போடு நிறுத்தாமல் ஆய்வு முறை பற்றிய இயலையும் திறந்து படியுங்கள். செயற்கைக்கோள் படத்தோடு முடித்துவிட்டார்களா, களத்துக்குப் போய் மண்ணையும் கிணற்றையும் பார்த்தார்களா என்பது அங்கே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், களத்துக்கு மாணவரோடு தானும் வருகிற கைடுக்காக ஒரு வருடம் காத்திருந்தாலும் தப்பில்லை.

எம்.ஏ., எம்.எஸ்சி. வகுப்பில் அவர் விரும்பி எடுக்கும் தாள் எது என்று சீனியர்களிடம் கேளுங்கள். காலநிலையியலா, மக்கள்தொகைப் புவியியலா என்பதிலேயே மனசு எங்கே இருக்கிறது என்று புரியும்.

விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருந்தால் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. இடம் இருக்கிறதா என்று தயங்காமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் நேரில் பாருங்கள். எந்த இடம், என்ன கேள்வி என்று ஒரே பக்கத்தில் எழுதி, அந்த இடத்தின் டோப்போ ஷீட்டோடு (மேடு பள்ளம், நீர்நிலைகளைக் காட்டும் நில வரைபடத் தாள்) போங்கள். 1:50,000 அளவுத் தாள் போதும். என் கைடு முதல் நாள் தாளை மேசையில் விரித்து, எங்கள் கண்மாயின் மேல் விரலை வைத்தார். "இதில் சம உயரக் கோடு 20 மீட்டர் உயரத்துக்கு ஒண்ணும்மா. உங்க ஊரோ தட்டையான ஊர். வரத்துக்கால் எந்தப் பக்கம் சரியுதுன்னு இதுல எப்படிக் கண்டுபிடிப்பே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டபோதே இவரிடம்தான் சேர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் உயர வித்தியாசம் அளக்கும் லெவல் கருவியையும் அதற்கான அளவுகோலையும் (ஸ்டாஃப்) தூக்கிக்கொண்டு அவரும் கண்மாய்க்கரைக்கு வந்தார். தண்ணீர் திறந்துவிடும் மடைக்கும் உபரி நீர் வழியும் கழுங்குக்கும் இடையே உள்ள உயர வித்தியாசத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் எடுத்தோம்.

அப்படி ஒரு கேள்வி வந்தால் உடனே பதில் சொல்ல முயலாதீர்கள். நோட்டில் எழுதிக்கொண்டு, ஒரு வாரம் டைம் கேட்டு வாருங்கள். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.