வேலைப்பளுவுக்கு நடுவே உடற்பயிற்சி: எங்கே தவறுகிறோம்?

உடற்பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் பிறக்கின்றன. அன்று உடம்பில் அசதி இல்லை, மனசும் லேசாக இருக்கிறது. 'நாளையிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம்' என்று முடிவெடுப்பது சிரமமாகவே தெரியாது. திங்களும் செவ்வாயும் எப்படியோ ஓடிவிடும். புதன்கிழமை வேலை இரவு பதினொரு மணிவரை இழுத்தடித்தால், வியாழன் காலை அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்போம். அதோடு சரி. பிறகு, 'எனக்கு மன உறுதி பத்தாது' என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் ஏராளம். இதில் மன உறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வாக இருந்தபோது போட்ட திட்டத்தை, ஓய்ந்துபோன நாளின் தலையில் கட்டியதுதான் கோளாறு.

ஆகவே திட்டம் போட உட்காரும்போது உங்கள் வேலையின் மிக மோசமான வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கு முடிக்கும் வாரம், கெடு நெருங்கும் வாரம், ஆள் குறைந்து இரண்டு ஷிப்ட் பார்க்க வேண்டிய வாரம். அந்த வாரத்திலும் எதை விடாமல் செய்ய முடியுமோ, அதுதான் உங்கள் அடிப்படைத் திட்டம். பத்து நிமிட நடை என்றாலும் பரவாயில்லை. வேலை குறைந்த வாரங்களில் கூட்டிக்கொள்ளலாம்.

'பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?' என்ற அலட்சியம்தான் அடுத்த தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இப்போது பெரியவர்களுக்குச் சொல்லப்படுவது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. 150ஐ ஏழால் வகுத்தால் நாளுக்கு 22 நிமிடம்கூட வராது. அதையும் மூன்று துண்டாக்கிக்கொள்ளலாம். மிதமான உழைப்பா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

வேலையோடு வேலையாக நடக்கும் அசைவும் உடம்புக்குக் கணக்குதான். லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ் ஒப்பிட்டு, 1953இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்திருக்கலாம் என்பதையும், சீருடை அளவுகளை வைத்து மோரிஸே பிற்பாடு காட்டினார். ஆனால் அவர் தொடங்கிவைத்த கேள்விக்கு அதன்பின் வந்த ஏராளமான ஆய்வுகள் ஒரே திசையில்தான் பதில் சொல்லியிருக்கின்றன. ஆபீஸ் படிக்கட்டைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயம். மாலை ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடும்போது கண் எரிகிறது, தோள் கனக்கிறது, எழுந்து நிற்கவே மனசில்லை. 'உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது, இன்றைக்கு முடியாது' என்று சோபாவில் சாய்ந்துவிடுகிறோம். யோசித்துப் பாருங்கள், அன்று உடம்பு அப்படி என்ன வேலை செய்தது? உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேலே மார்கோராவும் உடன் பணியாற்றியவர்களும் 2009இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு நாள் 90 நிமிடம் மூளையைக் கசக்கும் கணினி வேலை, இன்னொரு நாள் அதே நேரத்துக்கு ஆவணப்படம். இரண்டு நாளும் அதன்பிறகு, முடிகிறவரை சைக்கிள் மிதிக்க வேண்டும். மூளை களைத்த நாளில் பங்கேற்றவர்கள் சீக்கிரமே மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் இதயமும் தசையும் அதற்குக் காரணமாக இருக்கவில்லை. அதே உழைப்பு அன்று கூடுதல் கடினமாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் நடைமுறையில் மிகவும் உதவும். மாலை ஏழு மணிக்கு, 'இன்று செய்யலாமா வேண்டாமா' என்ற கேள்வியையே எழுப்பாதீர்கள். களைத்த மூளை வேண்டாம் என்றுதான் சொல்லும். காலையிலேயே முடிவெடுத்து வைத்துவிட்டு, மாலையில் வழக்கமான வேகத்தில் பாதியோடு தொடங்குங்கள். ஐந்து நிமிடம் நடந்த பிறகும் முடியவில்லை என்றால் தாராளமாகத் திரும்பிவிடலாம். பெரும்பாலும் திரும்பத் தோன்றாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மேலாளரோடு வாக்குவாதம், ரத்தம் கொதிக்கிறது, 'இந்தக் கோபத்தை ஓடித்தான் தீர்க்க வேண்டும்' என்று டிரெட்மில்லில் வேகத்தை ஏற்றிவிடுவது. இது வேண்டாம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளை வைத்து 2016இல் வெளியான கட்டுரை, கடும் கோபமும் கடும் உழைப்பும் ஒன்றுசேரும் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் தனித்தனியாக இருப்பதைவிடக் கூடுகிறது என்று சுட்டியது. கோபமாக இருந்தால் மெதுவாக நடங்கள். மூச்சு சீரான பிறகு வேகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

தூக்கத்தை வெட்டி உடற்பயிற்சிக்கு நேரம் எடுப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது தேவை. நள்ளிரவு ஒரு மணிக்குப் படுத்தவர் ஐந்து மணிக்கு எழுந்து எடை தூக்குவதில் பெருமைப்பட எதுவுமில்லை. அன்று தூங்குங்கள், மதியம் நடந்துகொள்ளலாம்.

'நேரம் கிடைக்கும்போது செய்கிறேன்' என்பது பலரும் சொல்வது. அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மாற்றாக '5.30 மணிக்கு' என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வதும் பலருக்குக் கைகொடுப்பதில்லை. 5.15க்கு ஒரு மீட்டிங் முளைத்தால் திட்டம் போச்சு. எப்படியும் நடக்கப்போகிற ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள்: 'மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் வெளியே ஒரு சுற்று', 'வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன் மொட்டை மாடிவரை'. 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990களிலிருந்தே ஆராய்ந்து எழுதிவந்திருக்கிறார்.

நடையோடு நிறுத்திக்கொள்வதும் குறைதான். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. ஜிம் இல்லாமலே இது முடியும். உறுதியான நாற்காலியின் முன் விளிம்பில் உட்காருங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், கைகள் மார்பில் குறுக்காக. கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மூன்று எண்ணியபடி மெல்ல இறங்குங்கள். கடைசி அரை அடியில் தொப்பென்று விழாமல் இருப்பதில்தான் தொடைக்கு வேலை. பத்துத் தடவை செய்து, சற்று ஆறி, மறுபடி ஒரு பத்து. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி வேண்டாம், பின்னால் நழுவிவிடும். அடுத்து, சுவரில் கை ஊன்றி தண்டால். மூன்று வாரத்தில் சுலபமாகிவிட்டால் அசையாத மேசை விளிம்புக்கு மாறலாம்.

வாரம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு ஞாயிறன்று மொத்தமாகச் செய்யலாமா? வேறு வழியில்லை என்றால் செய்யலாம், பலன் உண்டு. பழகாத உடம்பைத் திடீரென்று முழுவேகத்தில் தள்ளுவதுதான் ஆபத்து. வலி ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்குப் போகும், அடுத்த வாரம் மனசே வராது.

பத்தாயிரம் அடி எட்டவில்லையே என்ற கவலையையும் விட்டுவிடுங்கள். அந்த எண், 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. வேலையில் இருக்கும் டார்கெட்டுகள் போதாதா?

ஒருநாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் புதுப் பழக்கங்கள் எப்படிப் படிகின்றன என்று ஆராய்ந்தபோது, சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை. விட்ட நாளுக்கு வட்டி போட்டு மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 'வேலை டென்ஷன்தான்' என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.