மார்ட்டின் மிடில்புரூக்கின் போர் வரலாறுகளை வாசிப்பது எப்படி?

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் நகரைச் சேர்ந்த மார்ட்டின் மிடில்புரூக், கோழிப்பண்ணை நடத்திவந்தவர். பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றவர் அல்லர். 1967இல் முதல் உலகப் போரின் களங்களைப் பார்க்கச் சென்றவர், அங்கிருந்த கல்லறைகளின் எண்ணிக்கையைக் கண்டு கலங்கி, அந்த வீரர்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1971இல் வெளிவந்த ‘சோம் போரின் முதல் நாள்’ அவருடைய முதல் நூல். சோம் என்பது பிரான்ஸில் 1916இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் ஜெர்மானியரைத் தாக்கிய களம். ஒரு போரை முழுமையாகச் சொல்ல முற்படாமல், ஒரே பகலையோ ஒரே இரவையோ எடுத்துக்கொண்டு, அதில் இருந்து உயிர் பிழைத்தவர்களை நூற்றுக்கணக்கில் தேடிப்பிடித்து, அவர்கள் வாய்மொழியாலேயே அந்த நாளைக் கட்டியெழுப்புவது அவருடைய முறை. அந்த முறைக்கு ஏற்றபடி வாசித்தால்தான் அவருடைய நூல்கள் தம்மை முழுமையாகத் திறந்து காட்டும்.

முதல் நூலிலிருந்தே தொடங்குங்கள். 1916 ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் படைக்கு நேர்ந்த இழப்பு, காயமுற்றோரையும் காணாமற்போனோரையும் சேர்த்து, 57,470 பேர். அவர்களில் 19,240 பேர் இறந்தவர்கள். இந்த எண்களை முன்கூட்டியே அறிந்திருப்பதால் நாம் துயரத்தை எதிர்பார்த்தே வாசிக்கிறோம், துயரமே கிடைக்கிறது. நான் முதன்முறை அப்படித்தான் ஒரே மூச்சில் வாசித்தேன். மனம் கனத்ததே தவிர, அன்று என்ன நடந்தது என்பது விளங்கவில்லை. இரண்டாம் முறை ஒரு களவரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒரு தாளில் நேரம், இடம், சொல்பவர் என மேலிருந்து கீழாக மூன்று பத்திகள் போட்டுக் குறித்துக்கொண்டே வாசித்தபோதுதான் தெளிவு பிறந்தது. வாசிப்பவர் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்த மூன்று பத்தித் தாளைத்தான்.

அதன் பயனை ஓர் இடத்தில் காட்டுகிறேன். போமோன்-ஹாமெல் கிராமத்துக்கு எதிரே, ஹாதோர்ன் மேட்டுக்கு அடியில் வைத்திருந்த சுரங்கவெடி காலை 7:20க்கு வெடித்தது, தாக்குதலோ 7:30க்குத்தான். இடையில் கிடைத்த பத்து நிமிடங்களில், ஒரு வார பீரங்கித் தாக்குதலை ஆழமான பதுங்கு குழிகளில் தாக்குப்பிடித்திருந்த ஜெர்மானியர்கள் மேலேறி வந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்திவிட்டார்கள். முதல் அலை சிதைந்த பின், ஜெர்மானியர் எழுப்பிய வெண்ணிற ஒளிக்குண்டு வெற்றிச் சைகையாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அதை நம்பி அடுத்த படைகள் அனுப்பப்பட்டன. முன்னணிக்கு இட்டுச்செல்லும் தொடர்பு அகழிகள் காயமுற்றோராலும் இறந்தோராலும் அடைபட்டிருந்ததால், நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமெண்டின் சுமார் 800 பேர், தங்கள் முன்னணி அகழிக்கே இன்னும் வந்து சேராத நிலையில், பின்னாலிருந்து திறந்தவெளியில் நடந்தார்கள். மறுநாள் பெயர் அழைத்தபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர். நேரத்தையும் இடத்தையும் வரிசையாக எழுதிக்கொண்டு போனால், இந்த அழிவு ஊழ்வினையாகத் தோன்றாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பிழைகள் கண்முன் நிற்கும். அதே தாளில் தெற்கே மோண்டொபான் கிராமம் அன்றே கைப்பற்றப்பட்டதையும் குறித்துவையுங்கள். வெற்றி கிடைத்த பகுதியை மறந்துவிட்டு அந்த நாளைப் புரிந்துகொள்ள முடியாது.

சொல்பவரின் பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள். மிடில்புரூக் சந்தித்தபோது அந்த வீரர்கள் எழுபது வயதைக் கடந்தவர்கள். அரை நூற்றாண்டுக்குப் பிந்தைய நினைவு, அச்சத்தையும் ஓசையையும் உண்மையாகக் காக்கும். நேரத்தையும் தொலைவையும் அந்த அளவுக்குக் காக்காது. சாதாரணச் சிப்பாய் தன்னைச் சுற்றி ஐம்பது கெஜம்தான் கண்டிருப்பார். ஆகவே ஒரு கூற்று முக்கியமாகப் படும்போது, அந்தச் சிப்பாய் இருந்த பட்டாலியன் என்னும் படைப்பிரிவு அன்றே எழுதிய போர் நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீரர்கள் நேர்வரிசையில் மெதுவாக நடந்து சென்று மடிந்தார்கள் என்ற பரவலான சித்திரத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் இவ்வாறு சோதித்து, பல பட்டாலியன்கள் தாக்குதல் நேரத்துக்கு முன்பே முள்கம்பி வேலியை நோக்கி ஊர்ந்து சென்றிருந்ததைக் கண்டறிந்தார்கள்.

அடுத்து ‘நியூரம்பெர்க் விமானத் தாக்குதல்’ (1973) நூலுக்குச் செல்லுங்கள். என் கணிப்பில் அவருடைய முறை முழு வலிமையோடு வெளிப்படும் நூல் அதுவே. 1944 மார்ச் 30 இரவு புறப்பட்ட 795 பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் 95 திரும்பவில்லை. நிலவொளி, நெடுந்தொலைவு திருப்பமின்றி நேர்கோடாகச் சென்ற பாதை, தவறாகக் கணிக்கப்பட்ட காற்று ஆகியவை எப்படி ஒன்றுசேர்ந்தன என்பதை, விமானிகளும் அவர்களை வேட்டையாடிய ஜெர்மன் இரவுப் போர் விமானிகளும் மாறிமாறிச் சொல்கிறார்கள். இருதரப்பையும் சமமாகக் கேட்கும் இந்தப் பண்புக்காகவே அவரை நான் பெரிதும் மதிக்கிறேன். அட்லாண்டிக்கில் 1943 மார்ச்சில் தாக்கப்பட்ட இரு சரக்குக் கப்பல் அணிகளைப் பற்றிய ‘கான்வாய்’, 1943 ஜூலையில் குண்டுவீச்சால் மூண்ட தீப்புயலை எரியும் நகரத்தின் மக்கள் வாயிலாகவும் சொல்லும் ‘ஹாம்பர்க் போர்’ ஆகியவற்றிலும் இதைக் காணலாம்.

‘கைசரின் போர்’ (கைசர் என்பது ஜெர்மன் பேரரசர்) ஜெர்மானியரின் பெருந்தாக்குதல் தொடங்கிய 1918 மார்ச் 21ஐப் பற்றியது. அன்று சுமார் 21,000 பிரிட்டிஷ் வீரர்கள் சிறைப்பட்டார்கள் என்ற உண்மையை, சரணடைந்தவர்களை இகழாமல், விடியற்காலை 4:40க்குத் தொடங்கிய பீரங்கித் தாக்குதலையும் மூடுபனியையும் வைத்து அது விளக்குகிறது. சோம் நூலை முடித்தவர்களுக்கே இதன் கனம் புரியும். கிறிஸ் எவரிட்டுடன் இணைந்து தொகுத்த ‘பாம்பர் கமாண்ட் போர் நாட்குறிப்புகள்’, அதாவது பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப் படையின் நாட்குறிப்புகள், தொடர்ந்து வாசிக்கும் நூல் அன்று. வான்போர் நூல்களை வாசிக்கும்போது தேதி பார்த்துப் புரட்ட வேண்டிய துணைநூல்.

தலைமைத் தளபதிகளின் அரசியலையும் போர்த்தந்திர விவாதங்களையும் மிடில்புரூக்கிடம் தேட வேண்டாம். அவற்றுக்கு வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நூலின் இறுதியிலும், தமக்கு உதவியவர்களின் பெயர்களைப் படைப்பிரிவு வாரியாக அவர் அச்சிட்டிருப்பார். பலரும் தாண்டிவிடும் அந்தப் பக்கங்களை உங்கள் தாளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்தப் படைப்பிரிவிலிருந்து பலர் பேசினார்கள், எதிலிருந்து ஒருவரும் பேசவில்லை என்பது அங்கே தெரியவரும். ஒருவரும் பேசாத இடத்தில், அந்தப் படைப்பிரிவின் நாட்குறிப்பைத் திறக்க வேண்டியது உங்கள் வேலை.