காளான் ரூம் ஹீட்டருக்கு தானே கத்துக்கிற கன்ட்ரோலர் எழுதுறது எப்படி

நீலகிரில கேத்தி, லவ்டேல் பக்கம் பட்டன் காளான் போடுறவங்களுக்கு ஸ்பான் ரன்னப்போ (காளான் விதை கம்போஸ்ட்ல இழை ஓடிப் பரவுற சமயம்) 24, 25 டிகிரி வேணும், ஆனா ஜூலை மழைல டியூன் பண்ணின பிஐடி (பிழையைப் பாத்து ஹீட்டரை ஏத்தி இறக்குற வழக்கமான கன்ட்ரோலர்) ஜனவரில நீர்பனி விழுற ராத்திரிக்கு ஒத்துவராது, அதுல வோல்டேஜ் 230லேந்து 200க்கு இறங்கிட்டா ஹீட்டர் முக்கால்வாசி சூடுதான் தரும், கம்போஸ்ட் வேற தன் பங்குக்கு சூடு விடும். அதனால ரூம் எப்படி சூடாகும்ங்கிற கணக்கை, அதாவது மாடலை, ஓடிட்டே கண்டுபிடிக்கிறதுதான் வழி, 1973ல ஸ்வீடன் கன்ட்ரோல் நிபுணர்கள் ஆஸ்ட்ராம், விட்டன்மார்க் ரெண்டு பேரும் எழுதின செல்ஃப் டியூனிங் ரெகுலேட்டர் இதேதான்.

மாடலை சின்னதா வைங்க. உள்ள வெளிய டெம்பரேச்சர் வித்தியாசத்தை எடுத்துக்கங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு வரப்போற வித்தியாசம் = ஏ × இப்போ வித்தியாசம் + பி × ஹீட்டர் அளவு (0லேந்து 1) + சி. கம்போஸ்ட் சூடு சிங்கிற நம்பருக்குள்ள போயிடும். ஏ 0.9, பி 2, சி 0ன்னு ஆரம்பிச்சா போதும்.

ஒவ்வொரு ரீடிங்குக்கும் ரிகர்சிவ் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் ஒரு ஸ்டெப் ஓட்டுங்க, இதுதான் நம்ம எஸ்டிமேட்டர், மாடல் சொன்னதுக்கும் நிஜத்துக்கும் உள்ள பிழையை கெயினால (எவ்ளோ திருத்தணும்ங்கிற அளவு) பெருக்கி ஏ, பி, சி மூணையும் திருத்தும். பழைய ரீடிங்கை எவ்ளோ வேகமா மறக்கணும்னு சொல்ற ஃபர்கெட்டிங் ஃபேக்டரை 0.98 வச்சா சுமார் 50 ரீடிங், அதாவது நாலு மணி நேர ஞாபகம் இருக்கும்.

ஹீட்டர் அளவை நேரா பியால வகுத்து எடுக்காதீங்க, பி பூஜ்யம் பக்கம் போனா ஹீட்டர் ஆன் ஆஃப்னு குதிக்கும். வேணுங்கிற வித்தியாசத்துலேந்து ஏ × இப்போ வித்தியாசத்தையும் சியையும் கழிச்சு பியால பெருக்கி, அதோட ரோ × பழைய ஹீட்டர் அளவை கூட்டி, மொத்தத்தையும் பி ஸ்கொயர் + ரோவால வகுங்க. ரோங்கிறது ஹீட்டர் குதிக்காம பிடிச்சு வைக்கிற நம்பர், அதை முதல்ல பி ஸ்கொயர் அளவுக்கே வைங்க. வர்ற விடையை 0க்கும் 1க்கும் நடுவுல வெட்டிட்டு, வெட்டின அந்த நம்பரைத்தான் எஸ்டிமேட்டருக்கும் குடுக்கணும், நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க.

இப்போ நிஜமான வில்லங்கம். கன்ட்ரோல் நல்லா வேலை செஞ்சா டெம்பரேச்சர் ஆடாம நிக்கும், ஆடலைன்னா எஸ்டிமேட்டருக்கு கத்துக்க ஒண்ணும் கிடைக்காது, ஆனா ஃபர்கெட்டிங் மட்டும் பழசை மறந்துட்டே இருக்கும், கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் (மூணு நம்பர் மேலயும் எவ்ளோ சந்தேகம்னு எஸ்டிமேட்டர் வச்சிருக்கிற கணக்கு, இது பெருசானா கெயினும் பெருசாகும்) ஊதி ஊதி விடியக்காலைல கதவைத் திறந்த உடனே மூணு நம்பரும் எங்கயோ பறந்துடும். சோவியத் விஞ்ஞானி ஃபெல்ட்பாம் 1960லயே கன்ட்ரோலுக்கும் கத்துக்கிறதுக்கும் நடுவுல உள்ள இந்த இழுபறியை டூயல் கன்ட்ரோல்னு பேசிட்டார். பிழை சென்சார் நாய்ஸுக்குள்ளயே இருந்தா அப்டேட் பண்ணாதீங்க, கோவேரியன்ஸுக்கு ஒரு உச்சவரம்பு போடுங்க, அப்பப்போ ஹீட்டரை 0.05 மேல கீழ ஆட்டி விடுங்க. ஏ 0க்கும் 1க்கும் வெளிய போனாலோ பி மைனஸ் ஆனாலோ அந்த அப்டேட்டை தூக்கிப் போட்டுடுங்க.

கோட் எவ்ளோ நல்லா இருந்தாலும் 28 டிகிரில கரண்ட்டை கட் பண்ற தனி தெர்மோஸ்டாட் ஒண்ணு லைன்ல இருக்கட்டும், சென்சார் ஒயரை எலி கடிச்சா ஆல்காரிதத்துக்கு எப்படி தெரியும்?