அடுப்பில் சட்டி, அங்கே பேற்றுக் குத்து: டூலா வேலைக்கு வருகிறவர்கள் விடும் பிழைகள்

போன மாதம் என்னோடு டூலா வேலை பழக வந்த பிள்ளை ஒருத்தி, முதன்முதலாக ஒரு பிள்ளைப்பேற்றுக்குத் துணை போக ஆயத்தமாகித் தன் பையைத் திறந்து காட்டினாள். துவாய், தண்ணீர்ப் போத்தல், சீப்பு, எல்லாம் சரி. அடியில் ஒரு சாப்பாட்டுக் கரியர்.

"என்ன பிள்ளை இது?"

"சரக்குக்கறி அக்கா. இரவே அரைச்சு வைச்சிட்டன்."

பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற பத்தியக்கறி அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருடத்துக்கு முன் அதே மாதிரிக் கரியரோடு வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு படலையில் நான் நின்றிருக்கிறேன். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

நகத்தை வெட்டுங்கள், போனைச் சார்ஜில் போடுங்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள். நல்ல மனதோடு வருகிறவர்களே விடும் பிழைகள்தான் எனக்கு எரிச்சல்.

டூலா என்பது கிரேக்கச் சொல். பணிப்பெண் என்று பொருள். 1970களில் டானா ராஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அதைத் தாய்க்குத் துணை நிற்பவள் என்ற பொருளில் எழுதப் போய், அப்படியே நிலைத்துவிட்டது. நமக்குச் சொல்தான் புதிது. சின்னம்மாவோ பக்கத்து வளவு ஆச்சியோ இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டு விடியும்வரை கூட இருந்தார்களே, அந்த வேலைதான். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் அப்படி இருக்க ஆளில்லாமல் பிள்ளை பெறுகிற பெண்கள் எத்தனையோ பேர்.

சாப்பாட்டையே துணை என்று நினைப்பது

எனக்குச் சமையல் என்றால் உயிர். வீட்டில் ஐந்து பேர். சனிக்கிழமை என்றால் ஒடியல் கூழ். நண்டும் இறாலும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றிவிட்டால் அகப்பையைக் கீழே வைக்க முடியாது. கட்டிபட்டுவிடும்.

நான் கரியரோடு படலையில் நின்ற அன்றைக்கும் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு ஒரு பிள்ளை போன் எடுத்தாள். தாயில்லாத பிள்ளை, முதல் பேறு. புருசன் கொழும்பில் வேலை. "அக்கா, இடுப்புக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு." நான் அகப்பையைக் கையில் பிடித்தபடியே சொன்னேன்: "முதல் பிள்ளை, ஆறுதலாத்தான் வரும். முத்தத்தில நடந்து திரி. கூழை இறக்கிப்போட்டு வாறன்."

கூழ் இறக்கியதும் போயிருக்கலாம். போகவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று சரக்கு வறுக்கத் தொடங்கினேன். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள். மல்லி பொரிந்து வாசம் வரும்வரை தாச்சியடியில் நின்றேன். உள்ளி உரித்தேன். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, நான் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக்கறி காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்! பன்னிரண்டு மணிக்கு அவளுடைய போன் அடித்து உடனே நின்றது. திருப்பி எடுத்தேன், பதில் இல்லை. சிக்னல் இல்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு கரியரைப் பூட்டினேன்.

ஒன்றரைக்குப் போனால் வீடு பூட்டு. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அவள் அப்பவே ஓட்டோவில போயிட்டாள். தனியத்தான்" என்றா. ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. குத்து, அதுதான் பேற்று வலி, முதல்நாள் இரவே தொடங்கியிருக்கிறது. பேசாமல் விடியும்வரை பொறுத்திருந்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு எடுத்தது ஓட்டோவுக்குள் இருந்து. கதைக்க மூச்சு வரவில்லையாம்.

அடுத்த நாள் அந்தக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு அக்கா" என்றாள். ஏசியிருந்தால் ஆறியிருக்கும்.

பேற்றுத் துணையைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து கொக்ரேன் குழு 2017இல் வெளியிட்ட கட்டுரையில் 26 ஆய்வுகள், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள். குத்து நேரம் முழுக்க ஒருவர் கூட இருந்தால் இயல்பான பேறு கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, குத்து நேரமும் கொஞ்சம் சுருங்குகிறது என்று அதில் வருகிறது. அங்கே கனமான சொல் 'முழுக்க'. இடையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கரியர் கொடுத்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

பதற்றம் வந்தால் கை தெரிந்த வேலையைத்தான் தேடும். சமைக்கத் தெரிந்தவளுக்கு அது குசினி. என் பிழையின் வேர் அங்கேதான் இருந்தது. இப்போது போன் வந்தால் முதலில் அடுப்பை நிறுத்துகிறேன், பிறகுதான் வாயைத் திறக்கிறேன். எப்போது தொடங்கியது? எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கால்? பன்னீர்க்குடம் உடைந்ததா? பிள்ளை துடிக்கிறதா? இரத்தம் போனாலோ, நீர் உடைந்தாலோ, துடிப்புக் குறைந்தாலோ, தலையிடியோடு கண் மங்கினாலோ என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே ஆசுபத்திரி. வாகனம் இல்லையா, 1990 என்ற நம்பருக்கு அடித்து அம்புலன்ஸ். காட்டுப்பக்கத்து ஊர் என்றால் இரவு யானை பயத்தில் ஓட்டோக்காரர் வரமாட்டார். ஓட்டோவை எட்டாம் மாதமே பேசிவைக்க வேண்டும்.

அதற்காக வீட்டுச் சமையலை விடச் சொல்லவில்லை. நான் விடவுமில்லை. நான் பார்க்கிற தாய்க்கு 37 கிழமை முடிந்தால் எங்கள் வீட்டில் கூழ் இல்லை. பாதியில் அடுப்பை நிறுத்தினாலும் கெடாத சமையல் மட்டும்தான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. புட்டுக்கு வறுத்த மா டின்னில் இருக்கும், நான் இல்லாவிட்டால் மூத்தவள் அவிப்பாள். சொதியில் அவள் உப்பைக் கூட்டிப் போடுவாள், இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவார். அந்தத் தாய் பெற்று ஒரு கிழமையில் பெரிய சட்டிக் கூழ். பிள்ளைகள் கலண்டரில் நாள் எண்ணிக்கொண்டு இருப்பார்கள்.

உங்கள் பேற்றுக் கதையைச் சொல்வது

கேட்டால்கூடச் சொல்லாதீர்கள்.

பரிசோதித்துப் பார்ப்பது

வேண்டாம். அது மருத்துவமாதுவின் வேலை. பிரஷர் பார்ப்பதும் அவவின் வேலைதான், மருந்து கொடுப்பதும் அப்படியே.

ஆசுபத்திரி வாட்டுக்குள் விடுவார்கள் என்று நம்பிப் போவது

சில இடங்களில் ஒரு பெண் துணையை உள்ளே விடுவார்கள், சில இடங்களில் வாசலோடு சரி. தாய் விரும்பும் ஒருவர் கூட இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. அதை வாசலில் நின்று தாதி மிஸ்மாரிடம் வாதாடினால் நாளைக்கும் விடமாட்டார்கள். கிளினிக் நாளிலேயே தாயோடு போய்க் கேட்டுவிடுங்கள். விடமாட்டார்கள் என்றால் வீட்டில் குத்து இருக்கிற நேரம்தான் உங்கள் நேரம். இரண்டு பக்க இடுப்பையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பது, முதுகடியில் ஊன்றிக் கொடுப்பது, படுக்கவிடாமல் நடத்துவது, மிடறு மிடறாகத் தண்ணீர் கொடுப்பது. இதையெல்லாம் புருசனுக்கோ மாமிக்கோ முன்கூட்டியே பழக்கியும் வைக்கலாம்.

அடுத்த வீட்டுக் குசினியைப் பிடிப்பது

பிள்ளை பிறந்த பிறகு சமைத்துக் கொடுக்கலாம், அதற்கு நேரம் அதுதான். ஆனால் அந்தக் குசினியில் ஏற்கெனவே ஒரு மாமியோ அம்மம்மாவோ இருப்பா. பத்தியக்கறிக்கு அவவுக்கு ஒரு கைப்பக்குவம் இருக்கும். உங்களுடையதைவிடக் காரமாக இருக்கலாம், சுறா வறைக்குப் பதில் முருங்கையிலை வறையாக இருக்கலாம். இருக்கட்டும். "நான் உள்ளி உரிச்சுத் தரட்டா அம்மா?" என்று கேட்டுக்கொண்டு கீழே இருங்கள். உரித்துக்கொண்டே இருந்தால் கதை வரும், கதை வந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். நான் கட்டாயம் சொல்வது ஒன்று: பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் விடக் கூடாது. வயிறு வைக்கும் என்று ஒரு ஆச்சி மறித்தா. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும் என்று சொல்லி, கொத்தமல்லித் தண்ணீர் என்று பெயர் வைத்து ஒரு கேத்தல் நிறையக் கொடுத்தோம். ஆச்சிக்கும் திருப்தி. பிரஷரோ சீனியோ இருக்கிற தாய் என்றால் மட்டும் கைப்பக்குவம் எல்லாம் இரண்டாம் பட்சம், கிளினிக்கில் சொன்னதுதான் சாப்பாடு.

கூலியைப் பேசாமல் போவது

முதலே பேசுங்கள். காசு இல்லாத வீட்டில் வேறு எதையாவது பேசுங்கள். எனக்கு ஒருமுறை அரை மூடை மொட்டைக்கறுப்பன் நெல் வந்தது. இடித்து மாவாக்கி வறுத்து வைத்தேன், இரண்டு மாதம் புட்டுக்குக் காணுமாக இருந்தது.