சப்பாத்திக்கள்ளி முள் கையில் ஏறிவிட்டதா?

பழம் பறிக்கும்போது பெரிய முள்ளைப் பார்த்து ஒதுங்கிவிடலாம். அதன் அடியில் பஞ்சு போல ஒட்டியிருக்கும் பொடிமுள்தான் தொல்லை. லேசாக உரசினாலே கொத்தாகக் கையில் ஏறிவிடும். ஒவ்வொன்றிலும் பின்பக்கம் பார்த்த நுண்ணிய கொக்கிகள் உண்டு. அதனால் தேய்க்காதீர்கள், வாயால் கடித்து எடுக்கவே கூடாது. முதலில் இடுக்கியால் பிடுங்குங்கள். அப்புறம் வெள்ளைப் பசையைத் தடவி, மேலே காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியை ஒட்டி, நன்றாகக் காய்ந்ததும் உரித்தெடுங்கள். மிச்சத்தில் பெரும்பகுதி அதோடு வந்துவிடும். கண்ணில் பட்டால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மெக்சிகோவின் வறண்ட நிலங்களில் செழிக்கும் இனம் இது. இலை முள்ளாக மாறியதால் நீர் வீணாவதில்லை. உணவு தயாரிப்பது, இலை என்று நாம் நினைக்கும் அந்தப் பச்சைத் தண்டுதான். அதற்குள் இருக்கும் தண்ணீருக்குத்தான் இத்தனை காவல்.