லண்டன் தோட்டத்து கிரீன்ஹவுஸ்: குளிருக்குப் பயந்து நாம் செய்யும் தவறுகள்

லண்டனில் ஏப்ரல் மாதத்து மதியம். நல்ல வெயில், ஆனால் காற்றில் 14 டிகிரிதான்; ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது. கடைக்குப் போய்விட்டு வந்து கோல்ட் ஃபிரேமின், அதாவது நாற்று வைக்கும் கண்ணாடிப் பெட்டியின், மூடியைத் தூக்கினேன். இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி முகத்தில் அடித்தது. பார்த்துப் பார்த்து வளர்த்த கத்தரி நாற்றுகள் வெந்த கீரையாகத் தட்டின் விளிம்பில் சரிந்து கிடந்தன. 'பாவம், குளிருமே' என்று காலையில் மூடியை இறுக்கி மூடிவிட்டுப் போனது நான்தான்.

வெயில் ஊரிலிருந்து வந்து இங்கே தோட்டம் போடும் நம்மில் பலருடைய தவறுகளுக்கும் வேர் இந்த பயம்தான். குளிரை மட்டுமே எதிரியாக நினைக்கிறோம். பூட்டி வைக்கிறோம், சூடேற்றுகிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம். நான் பார்த்த வரையில் கண்ணாடிக்குள் செத்த செடிகளில் பாதிக்கு மேல் வெக்கையிலும் ஈரத்திலும் வெளிச்சம் போதாமலும்தான் செத்தன.

கிரீன்ஹவுஸ் என்னும் கண்ணாடி அறையிலும் கோல்ட் ஃபிரேமிலும் கண்ணாடி செய்யும் வேலை எளிமையானது. வெயில் உள்ளே வந்து மண்ணையும் தொட்டியையும் சூடாக்கும். அதில் சூடேறிய காற்று வெளியே போக முடியாது. கோல்ட் ஃபிரேம் என்பது கண்ணாடி மூடி போட்ட தாழ்வான பெட்டி. அதற்குள் இருக்கும் காற்றே கொஞ்சம்தான் என்பதால் வெயில் பட்ட சில நிமிடங்களிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். இரவில் இதற்கு நேர் எதிர். மேகமில்லாத இரவில், ஹீட்டர் இல்லாத கிரீன்ஹவுஸ் வெளியே இருப்பதைவிட ஓரிரு டிகிரிதான் கூடுதலாக இருக்கும். பகலில் நாம் நினைப்பதைவிட அதிகச் சூடு, இரவில் நினைப்பதைவிட அதிகக் குளிர். இதை நம்புவதற்கு ஒரே வழி, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றைச் செடியின் உயரத்தில், நேர் வெயில் படாத இடத்தில் தொங்கவிடுவது. சில பவுண்டுதான் ஆகும். கிரீன்ஹவுஸுக்கு முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுதான் என்பேன்.

காற்றோட்டத்துக்கு இங்கே சொல்லும் கணக்கு, தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூரையில் திறப்பு வேண்டும் என்பது. பரவலாக விற்கும் ஆறுக்கு எட்டு அடி கிரீன்ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 48 சதுர அடி, அப்படியானால் 9, 10 சதுர அடி திறப்பு வேண்டும். ஆனால் அதோடு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு கூரை ஜன்னல், ஏறக்குறைய இரண்டுக்கு இரண்டு அடி. பாதிகூட இல்லை. அதனால் மே மாதம் முதல் பகலில் கதவையும் திறந்தே வைக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. மெழுகு அடைத்த ஒரு சிறிய உருளை. சூட்டில் மெழுகு விரிந்து ஜன்னலைத் தானே தள்ளித் திறக்கும், மின்சாரம் தேவையில்லை. ஆனால் மெழுகு உருகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வெயில் உறுதி என்று தெரிந்த காலையில் கையால் ஒருமுறை திறந்துவிட்டுப் போவதுதான் நல்லது. கோல்ட் ஃபிரேமுக்கு ஒரு செங்கல் போதும், மூடிக்கு முட்டுக் கொடுக்க.

கோடையிலும் இதை மறக்கக் கூடாது. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. கண்ணாடிக்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தக்காளிப் பூவின் மகரந்தம் 32 டிகிரியைத் தாண்டினாலே கெட ஆரம்பிக்கும்; பூ பூக்கும், காய் நிற்காது. ஜூனிலேயே வெளிப்புறம் நிழல்வலை கட்டிவிடுங்கள், அல்லது கண்ணாடிக்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சை அடியுங்கள்.

அடுத்தது அவசர விதைப்பு. ஊரில் பட்டம் பார்த்து விதைப்பார்கள். இங்கே அந்தப் பட்டத்தைத் தீர்மானிப்பதில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பரிலும் அங்கே பகல் 11 மணி நேரத்துக்கு மேல். லண்டன் 51 டிகிரிக்கும் வடக்கே. டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. பொங்கல் முடிந்த கையோடு ஜன்னலோரம் மிளகாய் விதைத்தால் முளைக்கத்தான் செய்யும். அப்புறம் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வெளிறி வளர்ந்து, தண்டு நூலாகிச் சாய்ந்துவிடும். செடிவிளக்கு இல்லாதவர்கள் மிளகாயையும் கத்தரியையும் பிப்ரவரி கடைசியில் வீட்டுக்குள் விதைக்கலாம். வெண்டை, பாகல், புடலுக்கு ஏப்ரல் பாதி வரை காத்திருங்கள். ஹீட்டர் இல்லாத கிரீன்ஹவுஸுக்கு இவற்றை மே நடுவில்தான் மாற்ற வேண்டும். சில்லென்ற மண்ணில் மூன்று வாரம் முடங்கிக் கிடந்த வெண்டையை, பிறகு விதைத்த வெண்டை தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆடிப் பட்டத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஆடியில் விதைத்த வெண்டை காய்க்கத் தொடங்கும்போது அக்டோபர் வந்துவிடும்.

நாற்றை உள்ளேயிருந்து நேராக வெளியே நடுவதும் தவறு. கண்ணாடிக்குள் வளர்ந்த இலைக்குக் காற்றும் தெரியாது, நேர் வெயிலும் தெரியாது; இரண்டே நாளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து காய்ந்துவிடும். கோல்ட் ஃபிரேமின் உண்மையான பயன் இங்கேதான். முதல் வாரம் பகலில் மூடியைத் திறந்து இரவில் மூடுங்கள், இரண்டாம் வாரம் இரவிலும் கொஞ்சம் திறந்து வையுங்கள், அதன் பிறகு மூடியை எடுத்தே விடலாம். அவசரப்படாதீர்கள். உள்ளே நத்தை ஒளிந்திருக்கிறதா என்று தட்டுகளின் அடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் ஒரு தட்டைக் காலி செய்துவிடும்.

இனி கறிவேப்பிலை. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஊர்ப் பாசத்தோடு வாங்கி, அக்கறையாலேயே நாம் கொல்லும் செடி இது. இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, அதாவது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, தொட்டியை வீட்டுக்குள் தெற்கு ஜன்னலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஹீட்டர் இல்லாத கிரீன்ஹவுஸ் இதற்குப் போதாது. உள்ளே வந்ததும் இலை மஞ்சளாகிக் கொட்டும். அங்கேதான் தப்பு நடக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்போம். வளர்ச்சி நின்ற வேர் தண்ணீரை இழுக்காது, அழுகும். எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் ஒரு மொட்டைக் குச்சியைக் காட்டி வருத்தப்பட்டபோது அவர் சொன்னார்: "இலை கொட்டுது எண்டு தண்ணி விடாதேங்கோ, அது நித்திரை கொள்ளுது." மேல் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள்; ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சமாக ஊற்றுங்கள். மார்ச்சில் பகல் நீளும்போது கணுக்களில் கடுகளவு பச்சை தெரியும். தொட்டி மாற்றுவதும் உரம் போடுவதும் அதற்குப் பிறகுதான்.

கிரீன்ஹவுஸில் மண்ணெண்ணெய் ஹீட்டர் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே சேரும். ஜன்னலையும் அடைத்துவிட்டால் அந்த ஈரம் இலையில் படிந்து சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். ஹீட்டர் எரியும்போது ஜன்னலில் ஒரு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். குளிர்காலத்தில் தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், இலை மேல் படாமல் ஊற்றுங்கள், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிவிடுங்கள். கோடையிலோ காய்ந்த வெக்கையில் சிவப்புச் சிலந்திப்பேன் வரும். அப்போது மதியம் தரையில் தண்ணீர் தெளித்துவிடுவது உதவும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால், பெரும்பாலும் ஒருநாள் காயவிட்டு ஒருநாள் மூழ்கடித்ததன் விளைவுதான் அது.

பூ நிறையப் பூத்தும் காய் இல்லை என்பது பாகல், புடல் வைத்தவர்களின் புலம்பல். மூடிய கண்ணாடிக்குள் தேனீ எப்படி வரும்? பெண் பூவின் பின்னால் பிஞ்சு போல ஒரு முடிச்சு இருக்கும். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பாகலுக்குக் காலையில், புடல் பூ மாலையில் விரிவதால் அதற்கு இருட்டும் நேரத்தில். கிரீன்ஹவுஸுக்கென்றே விற்கும் நீள வெள்ளரி ரகங்களுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அவை மகரந்தம் இல்லாமலே காய்ப்பவை. மகரந்தம் பட்டால் காய் விதை பிடித்துக் கசக்கும்.

குளிரை விரும்பும் செடிகளையும் நாம் போர்த்தி வைக்கிறோம். கொத்தமல்லி கோடை வெக்கையில் சட்டென்று பூத்துப் போகும்; ஆவணியில் கோல்ட் ஃபிரேமில் விதைத்தால் லேசான உறைபனியையும் தாங்கி, ரசத்துக்குக் கிள்ளும் அளவுக்கு நிற்கும். பாலக் கீரையும் அப்படித்தான். ஸ்ட்ராபெர்ரிக்கோ குளிர்காலத்து ஓய்வு கட்டாயம் வேண்டும். அந்தத் தொட்டிகளை ஜனவரி முழுக்க வெளியிலேயே விட்டுவிட்டு, பிப்ரவரியில் கிரீன்ஹவுஸுக்குள் எடுத்துவையுங்கள். பூ வந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு பூவின் நடுவையும் சுற்றித் தடவுங்கள். சரியாகத் தடவாத பழம் ஒரு பக்கம் ஒடுங்கிக் கோணலாக வரும். கிரீன்ஹவுஸில் நன்றாகத் தடவிய பழம், வெளித்தோட்டத்தில் பழுப்பதற்குச் சில வாரம் முன்பே, மே மாதத்திலேயே சிவந்துவிடும்.