புல்தரையில் முளைக்கும் காளான்களையும் நாய்க்குடைகளையும் கையாளுவது எப்படி?

மழை விட்ட மறுநாள் காலையில் புல்தரை எங்கும் குடை குடையாகக் காளான் நிற்பதைக் கண்டதும், பூஞ்சைக்கொல்லி வாங்கி வந்து தெளிக்கத்தான் பலருக்கும் தோன்றும். அந்தச் செலவு பெரும்பாலும் வீண். கண்ணுக்குத் தெரியும் குடை அந்தப் பூஞ்சையின் கனி மட்டுமே. அதன் உடல் மண்ணுக்குள் வெண்ணிற இழைகளாகப் படர்ந்து, செத்த வேர்களையும் புதைந்து கிடக்கும் மரத்துண்டுகளையும் புல்லின் அடியில் சேர்ந்த செத்தையையும் மட்கச் செய்து அதில் வாழ்கிறது. பெரும்பாலான புல்தரைக் காளான்கள் உயிருள்ள புல்லுக்குத் தீங்கு செய்வதில்லை. வீட்டில் தவழும் குழந்தையோ, கண்டதையெல்லாம் கடிக்கும் நாயோ இல்லையென்றால், ஒன்றும் செய்யாமல் விட்டாலும் தரை காய்ந்ததும் அவை தாமாகவே சுருங்கிப் போகும்.

படி 1: பறித்து அப்புறப்படுத்துதல்

குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீட்டில் இதை அன்றன்றே செய்துவிட வேண்டும். கையுறை அணிந்து, காம்பின் அடியைப் பிடித்து இலேசாகத் திருகி எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். காளானைத் தொடுவதால் நஞ்சு ஏறுவதில்லை, தின்றால்தான் ஆபத்து. இருந்தாலும் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொள்வது நல்லது. குடை விரியுமுன் பறித்தால் வித்துகள் பரவுவது குறையும். ஆனால் பறிப்பதால் மண்ணிலுள்ள இழைகள் அழிந்துவிடுவதில்லை. அடுத்த மழைக்கு மறுபடியும் முளைத்தால் சோர்ந்துவிட வேண்டாம்.

படி 2: தின்னும் எண்ணத்தைக் கைவிடுதல்

புல்வெளிகளில் பரவலாக முளைக்கும் பச்சை வித்துக் காளான் ஒன்று உண்டு. குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பார்வைக்கு உண்ணத்தக்க பெருங்குடைக் காளானைப் போலவே இருக்கும்; தின்றவருக்குச் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வெட்டிய குடையை வெள்ளைத்தாளின்மேல் கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுதும் வைத்திருந்தால், அதன் வித்துகள் மங்கிய பச்சை நிறத்தில் தாளில் படிந்திருப்பதைக் காலையில் காணலாம். ஆனால் பச்சைப் படிவு இல்லாத காளானெல்லாம் பாதுகாப்பானது என்று பொருளல்ல. மரங்களை அண்டி முளைக்கும் அமானிட்டா ஃபல்லாய்ட்ஸ் வெள்ளை வித்துடையது. அது கல்லீரலையே அழிக்கும். அதன் நஞ்சு சமைத்தாலும் நீங்காது. அறிகுறிகள் தோன்றவே பெரும்பாலும் 6 மணி நேரத்திற்கு மேல் ஆகும். வெள்ளிக்கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பவையெல்லாம் உயிரைப் பணயம் வைக்கும் நம்பிக்கைகள். யாரேனும் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல், மீதமுள்ள காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 3: தோண்டிப் பார்த்தல்

பலர் தவிர்ப்பதும், உண்மையில் பலன் தருவதும் இந்தப் படிதான். என் தோட்டத்தில் காளான்கள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் முளைத்துக்கொண்டிருந்தன. காரணம் புரியாமல் நெடுநாள் பறித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அந்தக் கோட்டின்மேல் ஒரு சாண் ஆழம் தோண்டியபோது, வெட்டி அகற்றிய பழைய மரத்தின் வேர் ஒன்று பஞ்சுபோல் மட்கிக் கிடந்தது. விரலால் பிய்த்தால் உதிர்ந்தது, இடையிடையே வெள்ளை நூல் ஓடியது, ஈரக் காளான் வாசம் மூக்கில் ஏறியது. அந்த வேரைப் பெயர்த்தெடுத்துப் புதுமண் நிரப்பிய பிறகே அந்த வரிசை நின்றது. தோண்டி எடுக்க முடியாத பெரிய அடிக்கட்டையானால், அது முழுதும் மட்கும்வரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. உயிருள்ள மரத்தின் அடியில் கொத்துக் கொத்தாக முளைத்திருந்தால், அது மரமே அழுகுவதன் அடையாளமாக இருக்கலாம். மரம் அறிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

படி 4: ஈரத்தையும் செத்தையையும் குறைத்தல்

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்தி, தேவைப்படும்போது மட்டும் காலை வேளையில் ஆழமாக ஊறும்படி நீர் பாய்ச்சுங்கள். புல்லின் அடிச்செத்தை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் வாரியால் அழுத்தி வாரி எடுக்க வேண்டும். நிழல் தரும் கிளைகளையும் சற்றுக் கழித்துவிடலாம்.

படி 5: வட்டமாக முளைத்தால்

பூஞ்சை ஒரு புள்ளியில் தொடங்கி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படர்வதால் காளான்கள் வளையமாக நிற்கின்றன. மட்கிய பொருளிலிருந்து தழைச்சத்து வெளிப்படுவதால் வளையத்துப் புல் கரும்பச்சையாகச் செழிக்கும். சில வளையங்களில் இழைகள் நெருங்கிப் பின்னி, மண் நீரை ஏற்காமல் போய்ப் புல் காய்ந்துவிடும். ஒரு கைநீரை ஊற்றிப் பாருங்கள். அது உள்ளிறங்காமல் முத்து முத்தாக உருண்டால் இந்த நிலைதான். அங்கே கூரான இரும்புக் கம்பியால் 10 செ.மீ. இடைவெளியில் ஆழமாகத் துளையிட்டு, வளையத்தின் இருபுறமும் ஓரடி சேர்த்து, நனைப்பான் (நீர் மண்ணுக்குள் இறங்க உதவும் கரைசல்) கலந்த நீரால் மண் ஊறும்வரை நனைக்க வேண்டும். சில வாரங்களுக்கு இதைத் தொடர வேண்டியிருக்கும். செழிப்பு மட்டுமே காணும் வளையத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மற்றப் புல்லுக்கும் அளவாகத் தழையுரம் இட்டால் நிற வேறுபாடு மறைந்துவிடும்.